பூசணி கடைசியில் இறங்கும்

— மனித குலம் இதுவரை கண்டதெல்லாம் வெறும் குட்டிகள். இன்று, இந்த மதிய வேளையில், இந்தக் கூரையின் கீழே, ஒரு மாமிருகம் பிறக்கப்போகிறது. அகில உலகமும் மூச்சை அடக்கிக்கொண்டு...

— கொஞ்சம் காலைத் தூக்குங்க. நூல்கண்டு உங்க நாற்காலிக்கு அடியில உருண்டு போச்சு.

— வரலாறு நடக்கிற நேரத்துல நூல்கண்டா தங்கம்?

— வரலாறு அது பாட்டுக்கு நடக்கட்டும். இந்த மெத்தை உறையை நாலு மணிக்கு வாங்க வந்துடுவாங்க. ம், போனைக் கொடுங்க, உங்க மாமிருகத்தைப் பார்க்கலாம். என்னங்க இது, 'அகிலாண்ட சம்'?

— அகிலாண்ட சம்ஹார மூர்த்தி. பேருக்கு அவ்வளவுதான் இடம் கொடுக்கறான் இந்தப் போன் ஆட்டம் செஞ்சவன். சின்ன மனசு.

— பூசணின்னு மாத்திட்டேன்.

— பூசணியா! ஒரு மகாவீரனைப் போய்...

— பாருங்களேன் அதை. தூண் மாதிரி காலு, கழுத்தே கிடையாது, வயிறு தரையில இடிக்குது. நான் பார்த்த உடனே பூசணின்னுதான் நினைச்சேன். சரி, புள்ளியை எல்லாம் எங்கே கொட்டியிருக்கீங்க? ஐயய்யோ, பாதிக்கு மேல வேகத்துலயா?

— வேகம்தானே வீரனுக்கு அழகு.

— இது ஓடினா பீரோ ஓடின மாதிரி இருக்கும். தலைகீழா நின்னாலும் அத்தானோட மின்னல்கீரியைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாத பஸ்ஸுக்கு எதுக்குங்க செருப்பைத் தேய்க்கணும்? வேகத்தை மொத்தமா உருவிடறேன். பாதி உயிருக்கு, பாதி அடிக்கு.

— அப்போ கீரி முதல்ல கடிக்குமே.

— கடிக்கட்டும். நம்ம கடை மெத்தை மாதிரி நினைச்சுக்குங்க. யாரு வேணா ஏறிக் குதிக்கலாம், அமுங்கும். உள்ளே ஸ்பிரிங் இருக்கே, அது திருப்பி ஒரு உதை விடும் பாருங்க. வாங்குறது பத்து அடி, கொடுக்கிறது ஒண்ணு. அந்த ஒண்ணுல ஆள் கூரையில ஒட்டிக்கணும்.

— ஆகா! இதை நான் சொன்னதா ஞாபகம் வச்சுக்க தங்கம், மேடையில உதவும்.

— வச்சுக்கறேன். இப்போ இந்தக் கனத்த சட்டையை மாட்டி விடறேன். இது இருந்தா கடி கொசுக்கடி மாதிரிதான் இறங்கும். ஆனா ஒண்ணு, இதைப் போட்டுக்கிட்டா அடிக்கிற வித்தை மட்டும்தான் வச்சுக்கலாம். மார் தட்டறது, முறைக்கிறது, பெருமூச்சு விடறது, ஒண்ணும் கூடாது.

— மார் தட்டாத வீரனா? ஒரு தடவை மார் தட்டினா அடுத்த அடி ரெண்டு மடங்கா விழும். சாத்திரம் தெரியாமப் பேசாதே.

— விழும்ங்க. அடுத்த அடி வரைக்கும் உயிர் இருந்தா. போன ஆட்டத்துல இருந்துதா?

— அது... காலம் கனியவில்லை.

— நாலு தடவையா கனியலை. ஆட ஆரம்பிச்சு ஒரு மாசம், ஆடினது நாலே ஆட்டம், நாலும் அத்தான்கிட்ட. ஒவ்வொரு தடவையும் அக்கா எனக்குப் போன் பண்ணி, "உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாரா, மனசு விட்டுடலையே"ன்னு கேக்கறா. அந்தக் குரல்ல இருக்கிற பாசம் இருக்கே, ஊசியால குத்தின மாதிரி இருக்கு. எனக்கும் ஒரு தடவை அவளை அப்படிக் கேக்கணும்ங்க.

— கேட்பாய். இது என் வாக்கு. வியூகச் சக்கரவர்த்தியின் வாக்கு.

— அந்தப் பட்டம் யார் கொடுத்தா?

— தகுதி உள்ளவனுக்குப் பட்டம் தானாக வந்து சேரும். நேத்து அந்த வாத்தியாருக்குப் பெரிய மெத்தையைத் தள்ளினேனே, அது வியூகம் இல்லையா? முக்கால் மணி நேரம் பேசி மனுஷனை மடக்கினேன்.

— படுத்துப் பார்க்கறேன்னு படுத்தார். நீங்க பேச ஆரம்பிச்சீங்க. தூங்கிட்டார். எழுந்து, மெத்தை அருமைன்னு வாங்கிட்டுப் போனார்.

— தூங்க வச்சது யாரு?

— அதுவும் சரிதான். இங்கே பாருங்க, நாலு வித்தை. முதல் வரியில 'உருண்டு மோதல்'. இருக்கிறதுலயே பெரிய அடி இதுதான்.

— தப்பு, தப்பு. பிரம்மாஸ்திரத்தை யாராவது முதல்ல வைப்பாங்களா? அது நாலாவதா இருக்கட்டும்.

— முதல்லயே இருக்கட்டும்ங்க.

— ஏன்?

— எனக்கு அப்படித் தோணுது. போன ஆட்டத்துல உங்க முதுகுக்குப் பின்னால நின்னு பார்த்தேன்.

— என் விரல் வித்தையைப் பார்த்தியா?

— பார்த்தேன்.

— சொக்கிப் போயிருப்பியே!

— சொல்லவே வாய் வரலை. மத்த ரெண்டு மிருகத்தையும் சரி பண்ணிடவா?

— தொடாதே! பொன்மயிலும் ராஜசிங்கமும் என் கைவண்ணம். அதுங்க முதல்ல போய் எதிரியைக் கதிகலங்க வைக்கும். உன் பூசணி கடைசியில் இறங்கட்டும். அதாவது, தேவைப்பட்டால்.

— தேவைப்படும். இந்தாங்க போன். என்னோட போன்ல அத்தான் கூப்பிடறார். ஸ்பீக்கர்ல போடறேன். அத்தான், சொல்லுங்க!

— மச்சினி, சௌக்கியமா? சகலர் இருக்காரா? சாப்பிட்டாச்சான்னு கேளு. தோக்கிறதுக்கு முன்னாடி வயிறு காலியா இருக்கக் கூடாது. சும்மா சொன்னேன்.

— வா சகலை. மாட்டுக்கு ஊசி போடற கை என்னோட மோத வருதா?

— இப்ப நாய்க்குட்டிக்குப் போட்டுட்டு வர்றேன் சகலரே. மேசை மேல அசந்து தூங்குது, உங்க சிங்கம் மாதிரியே. போன தடவை மூணு முறை கொட்டாவி விட்டுச்சே! நான் கடிக்கிறேன், அது கொட்டாவி. நான் கடிக்கிறேன், அது கொட்டாவி. இத்தனை வருஷம் வைத்தியம் பார்க்கறேன், இப்படி ஒரு நோயை நான் கண்டதில்லை. சும்மா சொன்னேன்.

— அது எதிரியை அலட்சியம் செய்யும் உயர்ந்த உத்தி.

— உத்தி பலிச்சுது. செத்துப் போச்சு. சரி, பேச்சு மாறக் கூடாது. ஞாயித்துக்கிழமை நகரப் போட்டி. நம்ம குடும்ப அணிக்கு ஒரே தலைவர். இன்னிக்கு ஜெயிக்கிறவர் மேடை ஏறுவார். தோக்கிறவர் கீழே சார்ஜரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். மாமனார் முன் வரிசையில இடம் பிடிச்சாச்சு, தெரியுமில்லே?

— சார்ஜர் வயர் நீளமா வாங்கி வச்சுக்க சகலை.

— ஆரம்பிக்கலாமா? ஒரு முறைக்கு இருபது விநாடி. என் கீரி வந்தாச்சு.

— இதோ என் பொன்மயில்! பார்த்த மாத்திரத்தில் பகைவர் பதறும் பேரழகு! எழுந்திரு என் மயிலே, உன் பாட்டன் முப்பாட்டன் புகழை...

— பேசினது போதும்ங்க, நேரம் ஓடுது.

— இதோ அமுக்கிட்டேன். கேட்டியா உறுமலை? மயில் உறுமி எங்கேயாவது கேட்டிருக்கியா?

— அந்த உர்ர்ர் சத்தம் என்ன சகலரே? என் மிருகம் எதுவும் உறுமறதே இல்லையே.

— உறுமவைக்க ஒரு கை வேணும்டா.

— இருக்கும் இருக்கும். அட, உங்க மயில் தோகை விரிச்சு நிக்குது. அழகா இருக்கு. கடிச்சுட்டேன். மறுபடியும் விரிக்குதே! மறுபடியும் கடிச்சுட்டேன். போச்சு.

— தியாகம்! இது தியாகம்! ராஜசிங்கமே, வா! பழிக்குப் பழி! பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு, எட்டுத் திக்கும்...

— உர்ர்ர்னு சத்தம் மட்டும் வருது. மச்சினி, உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் இருபது விநாடியையும் சொட்டு விடாம குடிக்கிறாரே. அவ்வளவு யோசனையா?

— பேசிக்கிட்டு இருக்கார் அத்தான்.

— கொட்டாவி விட்டுடுச்சு! ஐயோ சகலரே, வயித்தை வலிக்குது. நாய்க்குட்டியே முழிச்சுக்கிச்சு. இந்தாங்க ஒரு கடி. இன்னொரு கடி. சிங்கம் படுத்தாச்சு. மூணுல ரெண்டு காலி, என் பக்கம் ஒரு கீறல் இல்லை. சார்ஜர் கறுப்பு கலர் வேணுமா, வெள்ளையா? சும்மா கேட்டேன்.

— தங்கம்...

— முகத்தைத் தொங்கப் போடாதீங்க. பூசணியை இறக்குங்க.

— மாமனார் பார்ப்பாரே தங்கம். நான் கீழே வயரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதை.

— பார்க்க மாட்டார். இறக்குங்க.

— போ, பூசணி.

— பூசணியா! சகலரே, சண்டைக்கு வந்தீங்களா, சந்தைக்கு வந்தீங்களா? கீரி, கடி! ...இருங்க இருங்க. என்ன இது, நல்லாத்தான் கடிச்சுது. உசுரு அப்படியே நிக்குதே?

— சட்டை அத்தான். உங்க கீரிக்குப் பல் கூசும், பார்த்து.

— தங்கம், இப்ப நான் என்ன...

— நீங்க பேசுங்க.

— பேசவா?

— நிறுத்தாமப் பேசுங்க. நல்லா இருக்கு.

— கேளுங்கள் பகைவர்களே! மலை நகருமா? நகராது! நகர்ந்தால், அதற்குக் கீழே நிற்பவன் கதி என்ன? இதோ, என் விரல் இறங்குகிறது! உறுமுகிறது பார்! அதோ, அதோ உருள்கிறது தங்கம்! உருளுதுடி!

— கீரி எங்கே? என் கீரி எங்கே போச்சு? ஒரே அடியிலயா!

— கூரையில ஒட்டிக்கிச்சு அத்தான்.

— அஞ்சு கடிக்கு ஒரு அடியா... சரி, சரி, விடு. கழுகை இறக்கறேன். வானத்துல இருந்து கொத்துவேன், உருண்டு வந்து என்ன பண்ணுவீங்க பார்க்கலாம். கொத்தியாச்சு! பாதி உசுரு போச்சு!

— இன்னும் பாதி இருக்கே. நீங்க ஏங்க நிறுத்திட்டீங்க? மலை என்ன ஆச்சு?

— மலை! ஆமாம்! மலைக்குச் சிறகு இல்லை என்று எவன் சொன்னான்? உருண்டு வந்த வேகத்தில் மலை எகிறும்! உறுமு என் கண்ணே! எகிறியது! கழுகைத் தாக்கியது! கீழே விழுந்தது பார் சகலை, இறகு ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம்!

— சகலரே, நீங்க சகலர்தானா? வேற யாராவது ஆடறாங்களா?

— என் கையில்தான் போன் இருக்கிறது! என் கை! இந்தக் கை!

— கடைசியா ஆமை வருது. இதோட ஓடு சாதாரண ஓடு இல்லை. ஒரு அடியில சாகாது. கடிச்சுட்டேன். பூசணிக்குச் சிவப்புக் கோடு வந்தாச்சு.

— உருண்டு மோதியாச்சு! ...சாகலையே தங்கம். பாதி உயிரோட முழிக்குது.

— சகலரே, உங்க பூசணிக்கு ஒரு நூல் அளவு உசுரு. அடுத்த கடியில ரெண்டு துண்டு.

— நூல்னா லேசா அத்தான்? நான் நாள் பூரா நூல்லதான் மெத்தையையே கட்டி நிறுத்தறேன்.

— தங்கம், மறுபடியும் மோதினா ஆமை முந்திக்கும். நாலாவது வித்தையைப் போடறேன். சேறு வாரி வீசறது. அது சட்டுனு பாயும்.

— அது ரொம்ப லேசான அடிங்க, ஆமைக்குச் சொறிஞ்சு விட்ட மாதிரி இருக்கும்.

— வியூகம் என்னுடையது! நாலாவது வித்தை, நாலு அமுக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!

— உர்ர், உர்ர், உர்ர், உர்ர். என்ன சகலரே, பூசணிக்கு வயிறு சரியில்லையா? அட, இந்தச் சனியன் நாய்க்குட்டி மேசையில இருந்து குதிக்குது! இரு, இரு... ஐயோ! ஓட்டுக்குள்ள ஒளியற வித்தையை அமுக்கிட்டேன்! கடிக்கிறதை அமுக்க வேண்டியது!

— பேசுங்க!

— ஆமையே! ஓட்டுக்குள் ஒளிந்தவன் எவனும் உலகை ஆண்டதில்லை! வெளியே வா! வராவிட்டால் ஓட்டோடு... உருள்கிறது! சேறு இல்லை, உருள்கிறது! மோதியது! ஓடு உடைஞ்சுது! தங்கம்! தங்கம்! 'வெற்றி'ன்னு எழுதியிருக்கு! படிச்சுப் பாரு, எனக்குக் கண்ணு கலங்குது!

— வெற்றின்னுதான் இருக்கு. போனைக் கீழே போட்டுடாதீங்க. மெத்தை மேல குதிக்காதீங்க, அது விக்கிற மெத்தை!

— விக்கட்டும்! குதிச்சுக் காட்டின மெத்தைன்னு விலை ஏத்திக்கலாம்! நீயும் ஏறு!

— ஊசி கையில இருக்குங்க... சரி, கையைக் கொடுங்க. ஐயோ, மெதுவா!

— சகலரே, மச்சினி, கேக்குதா? குதிக்கிறதை நிறுத்திட்டுக் கேளுங்க. ஒப்புக்கறேன். நாய்க்குட்டி மேல பழி போடலை. மூணையும் ஒரே பூசணி சாப்பிட்டுச்சு. ஞாயித்துக்கிழமை நீங்கதான் தலைவர். சார்ஜர் நான் கொண்டு வர்றேன். இது சும்மா சொல்லலை.

— பெருந்தன்மை உனக்கும் இருக்குடா சகலை.

— அத்தான், அக்கா சாப்பிட்டாளான்னு கேளுங்க. மனசு விட்டுட வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

— இது வேறயா! வைக்கிறேன் மச்சினி.

— போயிட்டான். தங்கம், மேடையில முதல் வாக்கியம் தயார். "மலை நகருமா? நகராது." அப்புறம் ஒரு நிமிஷம் மௌனம்.

— நல்லா இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்ங்க. மேடையில பெரிய திரை வைக்கிறாங்களாம். ஆடறவங்க எங்கே விரல் வைக்கிறாங்கன்னு அரங்கம் முழுக்கத் தெரியுமாம்.

— தெரியட்டும்! மாமனார் பார்க்கட்டும்! இந்த விரல் கடைசி அடியில் சேற்றையே மோதலாக மாற்றியதே, அதை உலகம் கற்றுக்கொள்ளட்டும்!

— அதைத்தான் சொல்ல வர்றேன். இருபது விநாடிக்குள்ள நாம எதையும் எடுக்கலைன்னா, முதல் வரியில இருக்கிற வித்தையை ஆட்டமே எடுத்துப் போட்டுக்கும்.

— அது சோம்பேறிகளுக்காக வச்ச விதி. நமக்கெதுக்கு? நான்தான் தவறாம அமுக்கறேனே, உறுமினதை நீயே கேட்டியே.

— நீங்க அமுக்கறது வித்தையை இல்லைங்க, மிருகத்தோட படத்தை. அமுக்கினா உறுமும். அவ்வளவுதான்.