ஞாயிற்றுக்கிழமைப் பால்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கடையில் ஐந்தாறு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை வாங்கச் சொன்னேன். கைப்பிடி உயரமாக இருந்தால் பம்பைப் பிடிக்கும்போது முழங்கை இடிக்கும், இதில் இடிக்காது. தொழிற்சாலையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய அறை இது ஒன்றுதான் என்று மேலாளர் உங்களை இங்கே அனுப்பியபோது, நல்லவேளை, முதுகு வலிக்காமல் விசாரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பேசுவதைவிட எழுதித் தருவது எனக்கு வசதி. பதினோரு வருடமாக இங்கே எல்லாவற்றையும் எழுதிப் பழகியவள். நீங்கள் உள்ளே வந்ததும் சுவர்க் கடிகாரத்தையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். அதைப் பற்றியும் சொல்கிறேன்.

இங்கே மருத்துவமனைகளுக்குப் போகும் ஊசிக்குழாய்களைப் பொட்டலம் கட்டுகிறோம். உள்ளே தூசி போகக் கூடாது. அதனால் பெண்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முக்காடு, முகமூடி, இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். கண் மட்டும்தான் தெரியும். வெளியே வர உடுப்பைக் கழற்ற ஐந்து நிமிடம், திரும்பப் போட ஏழு நிமிடம். கழற்றிய உடுப்பை மறுபடி போட முடியாது, புதிது எடுக்க வேண்டும். அதனால் நினைத்தபோது யாரும் வெளியே வர முடியாது. யார் எப்போது வரலாம் என்று முடிவு செய்வது தொழிலாளர் நல அலுவலரான நான். நேரக்காரம்மா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் இருந்திருக்கும்.

பிள்ளை பெற்றுத் திரும்பி வரும் தாய்மார்களுக்குப் பால் எடுக்கும் அட்டவணை ஒன்றை நான்கு வருடம் முன்பு போட்டேன். அதற்கு முன் அப்படி எதுவும் இல்லை. இந்த அறை அப்போது வந்ததுதான். எட்டடிக்கு ஆறடி, ஜன்னல் கிடையாது. ஒரு சின்ன பிரிட்ஜ், கைகழுவும் தொட்டி, பால் எடுக்கும் பம்பு, கடிகாரம். கதவுக்குக் கார்டு பூட்டு. அவரவர் நேரத்தில்தான் அவரவர் கார்டுக்குத் திறக்கும். இடையில் யாரும் கதவைத் தட்டித் தொந்தரவு செய்யக் கூடாது என்று அப்படி வைத்தேன். நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு மணி அடிக்கும்.

"மாட்டுக்குக்கூட கயித்த அவுத்து விட்டுட்டு நிதானமாத்தான் கறப்பாங்க. நமக்கு பெல் அடிச்சுக் கறக்குறாங்க" என்று வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு தாய் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு ஏழாவது வாரத்தில் பால் நின்றது.

இதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். மார்பு காலியானால்தான் அடுத்த பால் ஊறும். நிறைந்தபடியே நின்றால், இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு தானாகவே குறைத்துக்கொள்ளும். ஒரு நாளில் குறையாது. ஒரு முறை தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. தினமும் தள்ளிப்போக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. இன்னொன்றும் உண்டு: பால் இறங்குவதற்கு மனது இளக வேண்டும். பிள்ளையின் படத்தைப் பார்த்தால், அதன் துணியை மோந்தால், இறங்கும். பயந்தாலோ அவசரப்பட்டாலோ, உள்ளே இருந்தாலும் வராது.

சிட்டுவைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். குருவி மாதிரி குட்டையாக, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பாள். அதனால் அந்தப் பெயர். அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை. விடுப்பு முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிட்டது. குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இல்லை, இரண்டு நிமிடத்தில் களைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு சொட்டையும் எடுத்துத்தான் ஊட்ட வேண்டும். வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டர் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். 'இன்னும் மூன்று மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே. பவுடர் பால் குடலுக்கு ஆபத்து.' நான் இரண்டு முறை படித்தேன். அவளுடைய கோப்பில் முதல் தாளாக வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கும். கடிதம் என் கைக்கு வரவில்லை என்று சொல்லச் சொல்லி வக்கீல் யோசனை சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அட்டவணையைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அக்கா, மூணு தடவையா? நெஜமாவா? ஒருதடவை விட்டாலே பெருசுன்னு எங்க அத்தை சொல்லி அனுப்புனாங்க."

"ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். உடுப்பு மாத்துற நேரம் தனி."

"நீங்க நல்லா இருக்கணும் அக்கா."

முதல் வாரம் பத்து மணி, பன்னிரண்டே முக்கால், மூன்றே கால். அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. இரண்டாம் வாரம் பத்து மணி பத்தே காலாயிற்று. மூன்றாம் வாரம் பத்தரை. நடுவேளை முன்னால் நகர்ந்தது: பன்னிரண்டேகால், பதினொன்றே முக்கால். மாலை நேரமும் மறுபக்கத்திலிருந்து நெருங்கியது: மூன்று, இரண்டே முக்கால். நான்காம் வாரம் காலையும் நடுவேளையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால், இரண்டையும் சேர்த்துப் பதினொன்றேகால் என்று ஒரே தடவையாக்கினேன். அப்போதும் நிமிடங்களைக் குறைக்கவில்லை. கூட ஐந்து நிமிடம் கொடுத்தேன். தாளின் தலைப்பில் 'பழக்கப்படுத்தும் அட்டவணை' என்று போட்டிருந்தேன். அச்சடித்த தாளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. தங்கள் உடம்பு சொல்வதைவிட அதில் போட்டிருப்பதைத்தான் நம்புவார்கள்.

பம்பின் பக்கத்தில் அவள் குழந்தையின் படத்தை ஒட்டியிருந்தாள். மூக்கில் குழாய் மாட்டிய படம். பசை ஒட்டும் இடத்தில் கிருமி சேரும் என்று எடுக்கச் சொன்னேன். உடனே எடுத்துவிட்டாள். பிறகு போனில் குழந்தை அழும் சத்தத்தை வைத்துக் கேட்டுக்கொண்டே எடுத்தாள். பக்கத்து அறையில் வேலை நடப்பதால் சத்தம் வேண்டாம், போனையே உள்ளே கொண்டுவர வேண்டாம் என்றேன். அதையும் கேட்டுக்கொண்டாள். இந்த அறைக்குப் பக்கத்து அறை கிடையாது. அந்தப் பக்கம் இருப்பது வெளிச்சுவர்.

கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. நான்தான் வைத்தேன். ஒவ்வொருத்தியிடமும் போன் வேண்டாம் என்ற பிறகு நேரம் பார்க்க அவர்களுக்கு அது ஒன்றுதான். மணி அடிப்பதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடுவார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் வருவதுதான் கெட்டிப் பால். குழந்தைக்கு எடை கூடுவது அதில்தான்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை அவள் உடுப்பு மாற்றும் அறையில் நின்றுகொண்டிருந்தாள். உள்சட்டை இரண்டு பக்கமும் நனைந்து, வெள்ளை உடுப்பிலும் ஊறியிருந்தது. ஈர உடுப்போடு வேலையில் நிற்க முடியாது. வேறு உடுப்பு மாற்றத்தான் வெளியே விட்டிருந்தார்கள்.

"மன்னிச்சிருங்க அக்கா. எனக்குப் பதினொன்னே காலுக்குத்தானே, தெரியும். இது சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

"பழகிடும்மா. உடம்பு நாம சொல்றதைக் கேக்கும்."

"இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் உள்ள போய் எடுத்துட்டு வரட்டுமா? வலி உயிர் போகுது."

"உன் கார்டுக்கு இப்ப கதவு திறக்காதே."

திறக்க வைக்கும் சாவி என் கழுத்துப்பட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். கேட்கவில்லை. புது உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அந்த வாரக் கடைசியில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆறாம் வாரம் ஒரே ஒரு தடவைதான், ஒன்றரை மணிக்கு. புட்டியின் அடியில் கொஞ்சம்போல வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அட்டவணை மேல ஒண்ணும் தப்பில்ல அக்கா. மத்தவங்கல்லாம் இதுலதானே எடுத்தாங்க. எனக்குத்தான் இல்லாமப் போச்சு."

"சிலருக்கு அப்படித்தான்மா இருக்கும்" என்றேன்.

மற்றவர்களுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. சிட்டுக்கு முன் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து, தங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் நான் சொன்னதில்லை. அவர்களும் வெட்கப்பட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் இந்த அறைக்குள் வர முடியும்.

நாற்பத்தாறாம் நாள் சிட்டுக்குச் சுத்தமாக நின்றது. வீட்டில் சேர்த்து வைத்திருந்தது இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் குழந்தை பசியில் கத்தியதைப் பொறுக்க முடியாமல் மாமியார் பவுடர் கலக்கிக் கொடுத்தார். வேறு என்ன செய்வார். அன்று மாலையே வயிறு கல்லு மாதிரி ஆகிவிட்டதாம். குடலில் அறுவை செய்தார்கள். நான்காம் நாள் காலை இறந்துவிட்டது. நான் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு, மாலையும் வாங்கிக்கொண்டு போய் வந்தேன். சிட்டு மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அது அப்படியே போயிருக்கும். குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் இருக்கிறார், கண்ணாடி போட்டவர். உங்களிடம் புகார் கொடுத்தவர் அவர்தான். சிட்டு, தான் எடுக்கும் பாலை எல்லாம் அளந்து ஒரு நோட்டில் எழுதிவந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அந்த நோட்டு வார்டிலேயே கிடந்ததாம். நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஒரு சந்தேகம் மேடம். நீங்கதான் தீர்த்து வைக்கணும்."

"கேளுங்க."

"பால் வத்துற உடம்புன்னா எல்லா நாளும் வத்தணும். இந்தப் பொண்ணுக்கு சனிக்கிழமை வரைக்கும் இறங்கிக்கிட்டே வருது. ஞாயித்துக்கிழமை ஏறுது. திங்கக்கிழமையிலேருந்து மறுபடி இறங்குது. ஆறு வாரமும் இப்படித்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் பால் எங்கேருந்து வருது?"

அவர் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். எனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் படித்தார். அப்புறம் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். வாரத்துக்கு ஒருநாள் அந்த உடம்பு வீட்டில் பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

நிர்வாகம் நெருக்கியதா என்று நேற்றும் கேட்டீர்கள், இன்றும் கேட்டீர்கள். ஆமாம் என்று சொன்னால் எனக்கு நல்லது என்று உங்கள் முகம் சொல்கிறது. நெருக்கவில்லை. இந்த அறை கேட்டுப் போனபோது மேலாளர் தாளைப் படிக்கக்கூட இல்லை. "நீங்களே போடுங்க மேடம். நாலு தடவையா, அஞ்சு தடவையா, எவ்வளவு நேரம் வேணுமோ போடுங்க. பொம்பளைங்க விஷயம், உங்களுக்குத்தான் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்து தடவை போட்டிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அட்டவணையை எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டேன் என்று கேட்டீர்கள். புத்தகத்தைப் பார்த்துப் போடவில்லை. என் மேசையின் கீழ் இழுப்பறையில் பச்சை அட்டை போட்ட டைரி ஒன்று இருக்கிறது. பதினோரு வருடம் பழையது. அப்போது நானும் உள்ளே வெள்ளை உடுப்பில் வேலை பார்த்தேன். என் மகனுக்கு மூன்று மாதம். அட்டைப்பெட்டி அடுக்கும் அறையில், கதவைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஒரு டம்ளரில் பீய்ச்சுவேன். அன்றைய மேற்பார்வையாளர் அம்மா என்றைக்கு எத்தனை மணிக்கு விட்டார், எத்தனை நிமிடத்தில் கதவைத் தட்டினார் என்று தினமும் எழுதி வைத்தேன். முதல் வாரம் பத்து மணி. இரண்டாம் வாரம் பத்தே கால். மூன்றாம் வாரம் பத்தரை. அதன்பிறகு உள்ளதை நீங்களே பக்கம் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சிட்டுவின் அட்டவணையை அருகில் வைத்துப் பார்த்தால் சுலபமாக இருக்கும். எனக்கு ஐம்பத்தொன்றாம் நாள் நின்றது.

என் மகன் பவுடரில்தான் வளர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. தூரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அதிகம் பேச மாட்டான், அது அவன் சுபாவம். அவனுக்கு ஒன்றும் ஆகாதபோது மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகாது என்றுதான் இருந்தேன். கடிதத்தைப் படித்த பிறகும் அப்படியே இருந்தேனா என்றால், இல்லை. ஆகும் என்று தெரியும். இரண்டு முறை படித்தேன் என்று சொன்னேன் அல்லவா. அன்று மதியமே சிட்டுவின் ஏழு வாரத் தாள்களையும் ஒன்றாக அச்சடித்து வைத்துவிட்டேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுத்து ஒட்டினேன். எந்த வாரத்திலும் மாற்றியிருக்கலாம். ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். பதின்மூன்று பேருக்கு ஒரு மாதிரி, இவளுக்கு ஒரு மாதிரி என்று வைத்தால், அதை எப்படி நியாயம் என்று சொல்வது?

எழுதியது இவ்வளவுதான். எல்லாம் என் கையால் செய்தது, தெரிந்து செய்தது. கீழே கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், சிட்டுவிடமும் யாராவது எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஐம்பத்தொரு நாளும் நான் நின்றுகொண்டேதான் எடுத்தேன். இவர்களில் ஒருத்தியைக்கூட நான் ஒருநாளும் நிற்க வைக்கவில்லை.