பக்கத்துக் கடை ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜ் எங்க சார் ஓடிடப் போகுது? ரெண்டு ஆள் புடிச்சாத்தான் நகரும். தூக்கிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க, தூக்குங்க, நானா தடுக்கறேன்? பெட்டி உங்க கூல்டிரிங்க்ஸ் கம்பெனியோடது, கடை என் தம்பியோடது. நடுவுல எனக்கென்ன வந்துது, நான் பக்கத்து டீக்கடைக்காரன். அவன் வெளியூர் போயிருக்கான். முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. டிரைவரையும் கூப்பிடுங்க, கயிறை அப்புறம் அவுத்துக்கலாம். டீ போடறேன்.

என்னது, பால் தூக்கலா, ஸ்ட்ராங்கா, ஆனா லைட்டாவா? சரிதான், நீங்களும் அந்தக் கூட்டமா. இந்த ரோட்டுல ஒருத்தனுக்காவது தனக்கு என்ன வேணும்னு தெரியுதான்னு பாருங்க. எதிர்த்த ஸ்கூல் கணக்கு வாத்தியார், வெயில் மண்டையப் பொளக்கும், கொதிக்கக் கொதிக்கக் கொடுன்னு வாங்கி வச்சுட்டு ஊதுவாரு. ஊதி ஊதி ஆறினதும், என்னப்பா ஆறின டீயைக் கொடுக்கறேன்னு என்மேல பாய்வாரு. தையல்கடைக்காரர் இருக்காரே, வெளிய மழை கொட்டும், கழுத்துல மஃப்ளர், மூக்கு ஒழுகும். நேரா தம்பி கடையில போய் ஐஸ் தூக்கலா ஆரஞ்சு ஜூஸ் குடிப்பாரு. அப்புறம் தொண்டை கட்டிக்கிச்சுன்னு என்கிட்ட இஞ்சி டீக்கு வருவாரு. எங்க ரெண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டது அந்தத் தொண்டைதான் சார். ஜிம் பையன் ஒருத்தன், சர்க்கரை வேணாம், ஐஸ் வேணாம், பாலும் வேணாம், உடம்புக்கு நல்லதா ஏதாவது கொடுங்கன்னு நிப்பான். குழாயடிக்குப் போடான்னு தம்பி ஒரு நாள் சொல்லிட்டான். அதுல மட்டும் நான் அவன் கட்சி.

ஆமா, கூடப் பிறந்தவன்தான். பேசறதில்லை. அப்பா விட்டுட்டுப் போனது ஒரே கடை. சூடுதான் நிக்கும்னு நான், இனிமே ஜில்லுன்னு இருந்தாத்தான் ஓடும்னு அவன். நடுவுல பலகை அடிச்சோம். அந்தப் பக்கம் உங்க பெட்டியைக் கொண்டாந்து வச்சான். முன்னாடி நிக்கறவனுக்குக் குளுகுளுன்னு இருக்கும், பின்பக்கம் பலகை வழியா என் முதுகுல அனலடிக்கும். ஊருக்கெல்லாம் குளிர்ச்சி, அண்ணனுக்கு மட்டும் வேக்காடு. சொன்னேன். உன் அடுப்பாலதான் என் ஐஸ் உருகுதுன்னான். அன்னிக்கு நின்ன பேச்சு. அப்புறம் எல்லாம் அவன் பொண்டாட்டி மூலமாத்தான். மாமா, கொஞ்சம் புகையைக் கொறைக்கணுமாம், மாமா, கரண்ட் உங்களுக்கும் போச்சான்னு கேக்கச் சொன்னாரு. பாவம், ரெண்டு கடைக்கும் நடந்தே தேஞ்சா. இதுல கூத்தைக் கேளுங்க. ஊருக்கெல்லாம் ஜூஸ் ஊத்தறவன் குடிக்கறது டீ. அதுவும் என்கிட்ட இல்லை, மூணு தெரு தள்ளிப் போய், பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி ஒரு டீ. அவ்வளவு ரோஷம்.

சேல்ஸ் ஏன் படுத்துடுச்சுன்னா கேக்கறீங்க? படுக்காம என்ன பண்ணும்? இப்ப கொஞ்ச நாளா அங்க ஒரு ஆள் நிக்கறான். ஷட்டரைத் தூக்குவான், கொஞ்ச நேரம் முழிப்பான், காணாமப் போயிடுவான். வேலை சுத்தமா தெரியாது. எலுமிச்சம்பழத்தைக் கொட்டையோட பிழிஞ்சு விட்டுடுவான். சோடாவை ஒடச்சா பாதியை அவன் சட்டை குடிக்கும். அதைவிடக் கொடுமை, ஜில்லுன்னு ஜூஸைக் கலக்கி, இன்னொரு டம்ளரை எடுத்து, மேலயும் கீழயுமா ஆத்தறான் சார். நுரை பொங்கப் பொங்க ஆத்தி நீட்டறான். இருந்த குளிர்ச்சி எல்லாம் காத்தோட போச்சு. வாங்கின காலேஜ் பொண்ணுங்க ஒண்ணையொண்ணு பார்த்துச் சிரிச்சுதுங்க பாருங்க, அதோட சரி, அந்தப் பக்கமே வரலை.

சிரிக்கறீங்க. புரிஞ்சு போச்சா? ஆமா, நான்தான். கைப்பழக்கம் சார். டம்ளரைத் தொட்டா கை அதுபாட்டுக்கு மேல போகுது. அங்க ஒருத்தருக்குச் சில்லறை கொடுக்கறதுக்குள்ள இங்க பால் பொங்குது, இங்க அடுப்பை அணைச்சுட்டுப் போனா அங்க ஆள் போயாச்சு. ரெண்டு கடைக்கும் சேர்த்து நான் ஒருத்தனே கெட்ட பேரு வாங்கறேன்.

சாவி அவன் கொடுக்கலை. அவன் பொண்டாட்டி கொண்டாந்து இந்த மேஜையில வச்சா. பூட்டியே கெடக்கட்டும் மாமான்னுதான் சொன்னா. நான் சரின்னு தலையாட்டிட்டு மறுநாள் தொறந்துட்டேன். வெளியூருன்னு உங்ககிட்ட சொன்னது பொய்தான். ஆஸ்பத்திரியில இருக்கான். ஐஸ் ஒடச்சுக்கிட்டு நின்னவன் அப்படியே சாஞ்சுட்டான். சத்தம் கேட்டு, சுத்திப் போக நேரமில்லாம பலகையை ஒதச்சுட்டுத்தான் உள்ள போனேன். பலகையைத் திரும்ப அடிச்சுட்டேன், ஆனா அந்தக் காலண்டரைத் தூக்கிப் பாருங்க, ஒதச்ச ஓட்டை தெரியும். ஒரு பக்கம் கையும் காலும் வரலை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்துல நின்னேன். மூஞ்சியத் திருப்பிக்க முடியலை, அதனால கண்ணை மூடிக்கிட்டான். அந்தக் கொழுப்பு இன்னும் இருக்கு, பொழச்சுக்குவான்னு அப்பத்தான் எனக்கு உசிரே வந்துது.

டிரைவர் எங்க போறாரு? உள்ள போயிட்டாரா? போகட்டும், பிளக்கை மட்டும் புடுங்க வேணாம்னு ஒரு குரல் கொடுங்க சார். சேல்ஸ்தான் கணக்குன்னா ரெண்டு க்ரேட் கூல்டிரிங்க்ஸ் இப்பவே என் பேர்ல இறக்குங்க. அதுவும் ஆகாதுன்னா நாளைக்கு ஒரு நாள் விட்டு மறுநாள் வந்து தூக்கிக்கங்க, நானே ஒரு பக்கம் புடிக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வராங்க. வண்டி இந்த ரோட்டு வழியாத்தான் வரணும். பேச்சு வரலை அவனுக்கு. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காதும் பாதிதான் கேக்குது. கண்ணு மட்டும் நல்லாத் தெரியுது. ஷட்டர் மேல ஏறியிருந்து, பெட்டிக்குள்ள லைட்டு எரிஞ்சுதுன்னா, கடை இருக்குன்னு புரிஞ்சுக்குவான். அதை விட்டா நான் அவன்கிட்ட எதை வச்சு சார் பேசறது?