கரடி வராத நாவல்

பாண்டிதுரை: …அதெல்லாம் கெடக்கட்டும், கரடி எங்கலே?

வைகுண்டராஜ்: என்ன கரடி? கடைக்குள்ள வந்ததும் வராததுமா… உக்காரும் ஏட்டய்யா. செராக்ஸ் எடுக்கணுமா?

பாண்டிதுரை: கூடப் படிச்சவனுக்கு என்னலே ஏட்டய்யா? இந்தா, இதப் பாரு. ராஜபாளையத்துல பழைய பேப்பர் கடையில கெடச்சுது.

வைகுண்டராஜ்: அட… நம்ம துப்பறியும் நாவல்! எட்டாப்புல…

பாண்டிதுரை: எனக்கு அம்மை போட்டுக் கெடந்தப்ப, சன்னலுக்கு வெளிய நின்னு நீ வாசிச்சுக் காட்டுனது. இதக் கேட்டுத்தான் போலீஸ் ஆனேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேன். நாளைக்கு வன்னியம்பட்டிப் பள்ளிக்கூடத்துல இதப் பத்திப் பேச்சு வேற. அதுக்காக நேத்து உக்காந்து வாசிச்சேன்.

வைகுண்டராஜ்: எ… எப்படி இருக்கு?

பாண்டிதுரை: வெளங்கல. மூணு பயலுவ. நாப்பது பக்கத்துக்கு இட்லி திங்கானுவ.

வைகுண்டராஜ்: பொறவு?

பாண்டிதுரை: பொறவு சட்னி பத்தலைங்கானுவ.

வைகுண்டராஜ்: துப்பறியவே இல்லியா?

பாண்டிதுரை: திருடனே வந்து கதவத் தட்டி, "தம்பிகளா, நான்தான்"ங்கான். இவனுவ, "நாங்க அப்பவே நெனச்சோம்"ங்கானுவ!

வைகுண்டராஜ்: அட கொடுமையே…

பாண்டிதுரை: பிளவக்கல் அணையில ஜீப்ப விரட்டுன கரடி எங்க? திருடன ஒத்தக் கையால தூக்கிப் போட்ட அழகுத்தாய் எங்க?

வைகுண்டராஜ்: இது… சுருக்கப் பதிப்பா இருக்கும்.

பாண்டிதுரை: முதற்பதிப்புன்னு போட்டிருக்கு.

வைகுண்டராஜ்: கரையான் அரிச்சிருக்கும்…

பாண்டிதுரை: கரடிய மட்டும் பாத்து அரிச்சுதோ? இருபத்தாறு வருசமா ஸ்டேசன்ல எம்புட்டுப் பேர விசாரிச்சிருக்கேன். உண்மையச் சொல்லு.

வைகுண்டராஜ்: செத்த இரு, ஆள் வருது…

பாண்டிதுரை: ஒரு ஈ காக்கா இல்ல.

வைகுண்டராஜ்: …அடிக்க மாட்டேல்ல?

பாண்டிதுரை: சொல்லுலே.

வைகுண்டராஜ்: புத்தகத்த நான் பிரிக்கக்கூட இல்ல, வகுப்புலயே சார் புடுங்கிட்டாரு. சன்னல்ல நின்னு வாசிச்சது… பூகோளப் புத்தகம்.

பாண்டிதுரை: பதிமூணு நாளும்?

வைகுண்டராஜ்: பதிமூணு நாளும் புளுகுதான். கரடி, ஜீப்பு, அழகுத்தாய், அம்புட்டும். வேப்பிலைக்கு நடுவுல கெடக்க, வெறுங்கையோட எப்படி வர? மன்னிச்சுருலே. இப்ப நாளைக்கு என்னத்தப் பேசுவ?

பாண்டிதுரை: நான் எங்க பேசப் போறேன்? கதை சொல்ல ஆளு வருதுன்னு எட்மாஸ்டர்ட்ட உம் பேரக் குடுத்துட்டேன்.

வைகுண்டராஜ்: என் பேரா? அப்படின்னா… நான் சொல்லுறதுக்கு முன்னாடியே…

பாண்டிதுரை: பூகோளப் புத்தக அட்டையில ஆப்பிரிக்கா படம் அன்னைக்கே சன்னல் வழியா நல்லாத் தெரிஞ்சுதுலே. கேட்டா கதைய நிறுத்திருவியேன்னுதான் கம்முன்னு கெடந்தேன்.