சாமி லைன்

உட்காருங்கள், விமலன். சுக்குக் காப்பியைச் சூடு ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும். இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்கு வந்த யாரையும் வெறும் வாயோடு நான் அனுப்பியதில்லை.

குடியிருப்பாளர் சங்கத் தலைவராகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மீட்டர் அறையில் நீங்கள் பார்த்த சின்னக் கணினியைப் பிரிட்ஜ் என்பார்கள். வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளுக்கும் நம் வீடுகளுக்குப் பிரியும் பெட்டிக்கும் நடுவே இருக்கிறது. அது நடுவில் இருப்பது எந்த வீட்டுக்கும் தெரியாது. எந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம், எது முந்த வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். நான் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவன் என்று நீங்கள்தான் நம் கட்டடத்தின் இணையப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள்.

கந்த சஷ்டி முழுவதும் கோயில் நேரலைக்கு முதலிடம் கொடுத்தேன். கோயிலுக்கு நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டிலிருந்தே விரதம் பிடிக்கிறார்கள். அபிஷேகத்தின் நடுவில் முருகன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்?

சங்கக் கூட்டத்தில் அந்தப் பெண் நிலானி எழுந்து பேசியது உங்களுக்கு நினைவிருக்கும்.

"அங்கிள், சாமிக்கு எதுக்கு இவ்வளவு ஸ்பீட்? அவர் மயில்லதானே வரார்? எங்க ஆபீஸ் மீட்டிங் எல்லாம் ஜாம் லா."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். ஓங்கி உரசியதில் தீக்குச்சி ஒடிந்துகொண்டே இருந்தது. பிறகு கீழே போய் அவள் வீட்டைக் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். துண்டிக்கவில்லை. குழாயை இறுக்குவதுபோல. எழுதும் செய்தி போகும். படமும் குரலும் திணறும். ஒரு பெண்பிள்ளைக்குப் பொறுமை வர அது போதும் என்று நினைத்தேன். கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை. லிஃப்டில் பார்த்தால் நலம்கூட விசாரித்தேன்.

சூரசம்ஹாரத்தன்று மாலை கதவைத் தட்டினாள். காலில் செருப்பில்லை.

"அங்கிள், மெல்பர்ன்ல அம்மாவுக்கு ரொம்ப முடியல. தம்பி ஜீவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ கால் போட்டுட்டே இருக்கான். முகமும் வரல, சத்தமும் வரல. கார் பார்க்குக்கு ஓடவா? அங்கதான் சிக்னல் கிடைக்கும்."

"எதுக்கும்மா ஓடறே? உக்காரு. இப்பச் சரியாயிரும்," என்றேன்.

என் டேப்லட்டில் வேல் வாங்கும் காட்சி தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல நல்லா வருதே. உங்க ஃபோன்ல ஒரு தடவ கூப்பிட்டுக்கட்டுமா? ப்ளீஸ், அங்கிள்."

"இது சாமி லைன் மா. தீபாராதனை ஆகட்டும். பாதியில எழுந்திருக்கக் கூடாது."

உட்கார்ந்தாள். பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சில்லை என்று வளர்க்கப்பட்ட குடும்பம். வாய் நீளம் என்றாலும் அது அவளிடம் இருந்தது. காப்பி கொடுத்தேன். குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சூரன் விழ வெகுநேரம் ஆயிற்று. தீபம் காட்டியதும் கைகூப்பினாள். அவள் அம்மாவுக்காக நானும் வேண்டினேன். மனமார வேண்டினேன்.

பிறகுதான் ஃபோனைக் கொடுத்தேன். ஜீவன் உடனே எடுத்தான். "அம்மா போய்ட்டாங்கக்கா. இப்பத்தான். நிலானி எங்கே, நிலானி எங்கேன்னு ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தாங்க," என்றான். படம் துல்லியமாக இருந்தது. ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். கீழே போய் அந்தக் கணினியில் ஒரு வரியை மாற்றியிருந்தால் அவள் தாயின் முகத்தைப் பார்த்திருப்பாள். கார் பார்க்குக்கு ஓட விட்டிருந்தாலும் பார்த்திருப்பாள். தெரிந்துதான் உட்கார வைத்தேன். ஆனால் கோபத்தில் செய்யவில்லை. அதை மட்டும் சங்கத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நிலானி இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை. யாரையும் கேலி செய்வதில்லை. வழியில் என்னைக் கண்டால் நின்று, "அன்னிக்கு நீங்க மட்டும்தான் அங்கிள் என்கூட இருந்தீங்க," என்று கும்பிடுகிறாள்.

எவ்வளவு அடக்கமான பிள்ளையாகிவிட்டாள், பார்த்தீர்களா?