தலைவருக்கு மேலே ஒரு கடிகாரம்

எனக்கு நேரம் தவறினால் பிடிக்காது. மாலை வகுப்பில் முன்னால் இருப்பவர்களின் தலை மறைத்ததால், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி உயரமான ஆணியில் மாட்டினேன். வாழ்நாள் தலைவரின் படத்துக்கு மேலே போய்விட்டதைக் கவனிக்கவில்லை. எந்தச் சுவரிலும் அந்தப் படத்துக்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பக்கத்தில் உட்காரும் தியோங்கேதான் முதலில் பார்த்தாள். கடலையை மென்றபடி காதருகே சொன்னாள்: "டேய் லும்பானி, தலைவருக்கே மணி சொல்ல ஆள் போட்டுட்டியா? அவர் தலைமேலயே ஏத்தி வச்சிருக்க."

நானும் சிரித்தேன். வீட்டில் மக்காச்சோளக் களியை உருட்டும்போதுதான் யோசனை வந்தது. ஏன் என்னிடமே சொன்னாள்? என் சிரிப்பை அளந்தாளோ? அவள் முந்திக்கொண்டு போய்ச் சொன்னால்? என் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் தவறாக இருந்தால் நஷ்டம் அவளுக்கு. சரியாக இருந்தால் எனக்கு.

அன்றிரவே கட்சி அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு மாட்டுனது, தம்பி?"

"முசுக்வா வாத்தியார் மாட்டச் சொன்னாருங்க. தியோங்கே மாட்டுனா. மாட்டிட்டுச் சிரிச்சா."

"நீ சிரிச்சியா?"

"இல்லீங்க."

மறுநாள் கட்சி ஆட்கள் வகுப்புக்கு வந்தபோது கடிகாரம் படத்துக்குக் கீழே, பழைய இடத்தில் இருந்தது. முந்தின நாள் நான் கிளம்பியதும் தியோங்கே மேசைமேல் ஏறி இறக்கியிருக்கிறாள். "லும்பானி தெரியாம செஞ்சுட்டான் சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாளாம். சிறையிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பிய வாத்தியார் பிற்பாடு சொன்னார். தியோங்கே திரும்பவில்லை.

"நேத்து மேல இருந்துச்சா?" என்று அன்று என்னை மட்டும் கேட்டார்கள். இருந்தது என்றேன். அது பொய்யில்லை.

என்னை யாரும் மிரட்டவில்லை. வீட்டுக்கு வீடு காவல் போட எந்தத் தலைவரிடம் அத்தனை ஆள் இருக்கிறது? நாங்கள் இருந்தோம்.

இப்போது தலைவர் போய்விட்டார். புதிய அரசின் விசாரணைக் குழுவாக நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். மாட்டியது நான். சிரித்ததும் நான். தியோங்கேயைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். சொன்னதில் மனம் லேசாகிவிட்டது. அந்தப் பழைய பயமெல்லாம் இப்போது என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும். தட்டச்சு செய்யும் அந்தப் பெண், நான் கடிகாரம் என்றபோது லேசாகச் சிரித்தார். எதற்கென்று விசாரித்துவிடுங்கள்.