அறுபதா, அறுபத்தாறா

தேநீரில் மரமிய்யா இலை போட்டிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது. அன்று தைஸீருக்கும் நான் அதைப் போட்டுத்தான் கொடுத்தேன். அவன் பாதிக்குமேல் குடிக்கவில்லை.

இர்பித் நகரில், வீட்டிலிருந்தே ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்துக்கு மொத்தமாகக் கேபிள் வாங்கி வந்தவன் அவன். காற்றில் ரேடியோ அலை ஓடும் வேகம் நூறு என்றால், அந்தக் கேபிளுக்குள் அறுபத்தாறு என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் எல்லோரும் ஆன்டெனாவுக்கு நீளம் பார்த்து வெட்டுகிறார்கள். நான் யார் சொன்னதையும் அப்படியே நம்புகிறவன் அல்ல. ஒரு துண்டு வெட்டி, மீட்டரில் மாட்டி அளந்தேன். அறுபது வந்தது. அன்று மாலையே, சங்கம் மொத்தமும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தைஸீர் போலிச் சரக்கை நம் தலையில் கட்டிவிட்டான் என்று ரேடியோவில் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. அளந்ததைச் சொன்னேன். அதன்பின் அவன் ஸலாம் சொன்னால் பதில் சொல்ல ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து என் மொட்டைமாடிக்கு வந்தான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, நான் அளந்தது எப்படி என்று காட்டச் சொன்னான். காட்டினேன். சிரித்துவிட்டான்.

"அபூ ஸுஹைர், மீட்டருக்கும் கேபிளுக்கும் நடுவுல ஒரு முழத்துக்கு இணைப்பு வயர் தொங்குதே, அதை நீளக் கணக்குல சேர்த்தீங்களா?"

அதைக் கழற்றிவிட்டுக் கேபிளை நேராக மாட்டினான். முள் வேறு இடத்தில் விழுந்தது. கணக்குப் போட்டான். அறுபத்தாறு.

"புதுசா வர்றவங்க பண்ற தப்பு இது. ஊருக்கே பாடம் எடுக்கிற மனுஷன், நீங்க போய் இதைப் பண்ணலாமா? சரி விடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லிக் காட்டமாட்டேன். சாயங்காலம் ரேடியோவுல நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் வருது, இந்தப் பழியோட நான் எப்படி நாலு பேர் முகத்துல முழிக்கிறது?"

நியாயமான பேச்சுதான். நான் தலையாட்டினேன்.

அவன் கிளாஸை எடுக்கக் குனிந்தபோது அந்தக் கேபிளை அவன் கழுத்தில் சுற்றினேன். தடித்த கேபிள், சுலபத்தில் வளையாது. முதுகில் முழங்காலை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. கிளாஸ் உடைந்தது, அதன் மேலேயே காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். என் விரலைக் கடித்த தழும்பு இதோ. ஏதோ சொல்ல முயன்றான். சொல்ல வேண்டியதைத்தான் அவன் சொல்லிவிட்டானே. அசைவு நின்ற பிறகும் நான் விடவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

பிறகு கேபிளை அவிழ்த்து, ரத்தத்தைத் துடைத்து, இணைப்பு வயரை மறுபடி மாட்டினேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாக அளந்தேன்.

மாலையில் வழக்கம்போல ரேடியோவில் எல்லோருக்கும் ஸலாம் சொன்னேன். மறுபடி அளந்து பார்த்தேன், அறுபதுதான் என்றேன். தைஸீரும் இங்கேதான் இருக்கிறான், அவனுக்கு இப்போது மறுப்பு எதுவும் இல்லை என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்கள் ஐயா.