இடது கால் செருப்பு

— வந்துட்டியா, ஜெயசீலி! எங்க போனே?

— பால் டெப்போவுக்கு.

— பால் எங்க?

— இன்னைக்கு வண்டி வரலையாம்.

— வராத பாலுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றே?

— அதை விடுங்க. உங்க இடது கால் செருப்பு எங்க?

— அதுவா... நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு.

— நடக்கிற மனுஷன் கால்லேர்ந்தா?

— தாம்பரத்து நாயின்னா லேசா?

— சரி, வாயைத் திறங்க. பி காம்ப்ளெக்ஸ்.

— நான் என்ன குழந்தையா?

— குழந்தை மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வைக்காது.

— ம்... முழுங்கியாச்சு. மாத்திரையும் நடையும் சேர்ந்தாத்தான் சர்க்கரைக்காரன் கால்ல ரத்தம் ஓடும்னாரு டாக்டர். இப்ப ஜோரா ஓடுது. மதமதப்பெல்லாம் போயே போச்சு.

— நெசமா?

— சத்தியமா... வேணாம், ஞாயித்துக்கிழமை சத்தியம் பண்ணக் கூடாது. நெசமாத்தான்.

— அப்ப காலை ஸ்டூல் மேல வைங்க. கண்ணை மூடுங்க. இப்ப எந்த விரலைத் தொடறேன்?

— கட்டை விரல்.

— இப்ப?

— சுண்டு விரல். பாத்தியா! நாளைக்கு டாக்டர்கிட்ட இதையே சொல்லு.

— நான் தொடவே இல்லீங்க. ரெண்டு கையும் என் மடியில இருக்கு. கண்ணைத் திறந்து பாதத்தைப் பாருங்க. ஜல்லி குத்தி ரத்தம் கசியுது. இதுகூடவா தெரியல?

— ...தெரியல.

— எப்பலேர்ந்து இப்படி?

— கிறிஸ்மஸுக்கு முன்னாடியே.

— டாக்டர் கேட்டப்பல்லாம் 'நல்லா இருக்கு சார்'னீங்களே!

— உள்ளதைச் சொன்னா, எங்க அண்ணன் காலை எடுத்த மாதிரி எடுத்துட்டாங்கன்னா...?

— உங்க அண்ணன் புண்ணை மறைச்சார். அழுகினப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கே போனார்.

— அழாதே, ஜெயா.

— யாரு அழறா? டெட்டால் நெடி. ஆட்டாதீங்க காலை... நாளைக்கு உண்மையைச் சொல்வீங்களா?

— சொல்றேன். நீ பக்கத்துல நின்னா சொல்றேன். ஆனா அந்தச் செருப்பு... எங்க கழண்டுச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

— ஞாயித்துக்கிழமைங்க.

— தெரியாது, போதுமா?

— ரயில்வே கேட்டுல. இந்தாங்க.

— ஓ... பால் பையில செருப்பு!

— நான் குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள கேட்டை மூடிட்டான். மின்சார வண்டி போனப்புறம் பாத்தா, உங்களைக் காணோம்.

— தினமும் நான் நடக்கப் போறப்ப பின்னாலயே வர்றதுதான் வேலையா?

— தினமும்தான். எங்கயாவது தலை சுத்தி விழுந்துட்டீங்கன்னா? சொன்னா, 'எனக்கெதுக்குக் காவல்'னு குதிப்பீங்க. அதான் சொல்லல.

— மரத்துப்போனது காலுதான், ஜெயா. காது இல்ல. பின்னால உன் செருப்புச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் தினமும் நடக்கிறேன். இன்னைக்கு வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப கேட்டைத் தாண்டினதும் சத்தத்தைக் காணோம். உனக்கு இளைப்பு வந்து குறுக்கு வழியா முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டியோன்னுதான் அப்படி ஓடி வந்தேன்... ஜல்லி அப்பத்தான் குத்தியிருக்கும்.